மதிலுக்கு அப்பாலும் அண்டை வீடுதான்

சென்னை மாநகரில் அடையாற்றைக் கடந்ததும் இரு பெருஞ்சாலைகள் தெற்கு நோக்கி நீள்கின்றன. ஒன்று, கடலோரமாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை. மற்றொன்று, இராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறிய பின்னும் மக்கள் நாவில் பழைய மகாபலிபுரம் சாலையாகவே வழங்கிவருவது. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் என இச்சாலைகளை ஒட்டிய ஊர்கள் முன்பு மீனவர் குப்பங்களாகவும் சவுக்குத் தோப்புகளாகவும் வயல்வெளிகளாகவும் இருந்தவை. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதற்குப் பின் அவை கண்ணாடி மாளிகைகளும் அடுக்குமாடிகளுமாக வேகமாக உருமாறின. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அவற்றுள் பெரும்பாலானவை சென்னைக்குள்ளேயே வந்துவிட்டன. ஆயினும் அங்குக் குடியேறும் வசதி படைத்தோர் நாடுவது சென்னையை அன்று, சென்னையிலிருந்து விலகியிருப்பதையே.

அவ்வாறு குடியேறியோரில் நம் சமுதாயத்தவரும் இருக்கின்றனர். மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் பிறந்து வளர்ந்தவர்கள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வாணிபத்தின் பொருட்டுப் பட்டணம் வந்தவர்கள். வளைகுடா நாடுகளில் வியர்வை சிந்தி ஈட்டியதைக் கொண்டு வீடு வாங்கியவர்கள். கணிப்பொறித் துறையில் உயர்ந்த ஊதியம் பெறும் நம் பிள்ளைகள். அவர்களில் பலர் மதில்சூழ் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். வாயிலில் காவலாளி, உள்ளே பூங்கா, நீச்சல் குளம், குழந்தைகள் விளையாடத் தனியிடம் என எல்லாம் நிறைந்த இவ்வாழ்வைக் குறித்துச் சில கேள்விகளை எழுப்ப விரும்புகிறோம். அவை கசக்கலாம், எனினும் கேட்கப்பட வேண்டியவை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். ஹலாலான வழியில் பொருளீட்டி வசதியான வீட்டில் வாழ்வதை இஸ்லாம் தடுக்கவில்லை. விசாலமான வீட்டையும் நல்ல அண்டை வீட்டாரையும் மனிதனின் நற்பேறுகளில் சேர்த்து எண்ணினார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். காற்றும் ஒளியும் புகாத ஓரறையில் ஏழு பேர் படுத்தெழும் வாழ்வை விட்டு வெளியேற ஒரு குடும்பம் துடித்தால் அதைக் குற்றமென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வீட்டின் விசாலத்தையும் அண்டை வீட்டாரின் நலத்தையும் பெருமானார் ஒருசேரச் சொன்னார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. முன்னதை விலை கொடுத்து வாங்கிவிடலாம். பின்னதற்கு விலை இல்லை. நாம் பிறருக்கு நல்ல அண்டை வீட்டாராக இருந்தே அதைப் பெற வேண்டும்.

ஊருக்குத் தொலைவில் வாழ்வதும் குற்றமன்று. மதீனாவில் பனூ சலிமா குலத்தார் பள்ளிவாசலுக்குத் தொலைவில், நகரின் ஓரத்தில் குடியிருந்தனர். பள்ளிக்கு அருகே வந்துவிட அவர்கள் விரும்பினர். நகரின் புறப்பகுதி வெறுமையாகிவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கும்படி கூறி, பள்ளியை நோக்கி அவர்கள் எடுத்துவைக்கும் அடிகள் நன்மையாக எழுதப்படும் என்று நற்செய்தி சொன்னார்கள். ஆகவே புறநகரில் வாழ்வோருக்கு மார்க்கத்தில் இடமுண்டு. அங்கிருந்து நடந்து வருவதற்கு அவர்களுக்குக் கூலியும் உண்டு. நம் வழக்கு தொலைவின் மீது அன்று. அந்த நடை நின்றுபோனதன் மீதே நம் வழக்கு.

நடையை நிறுத்தியது எது? மதில். கள்வரைத் தடுக்க எழுப்பிய சுவர் என்று அதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. பாதுகாப்பு வேண்டாமென்று நாமும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கதவு வேண்டும், கதவுக்குத் தாழ் வேண்டும். ஆனால் இன்றைய மதில் கள்வரை மட்டுமா தடுக்கிறது? உள்ளே வேலை செய்ய வரும் பெண்ணின் பையை வாயிலில் திறந்து பார்க்கிறது. சில குடியிருப்புகளில் அவளுக்கென்று வேறு மின்தூக்கியை ஒதுக்கி, குடியிருப்போர் ஏறுவதில் அவள் ஏறலாகாது என்கிறது. தர்மம் கேட்டு வருவோர் எவரும் நம் கண்ணில் படாதவாறு பார்த்துக்கொள்கிறது. வாசலில் நின்று கேட்கும் குரலே கேளாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு, ஈகை என்பதைப் பாடப்புத்தகத்தில் மட்டுமா காட்டப்போகிறோம்?

திருமறையின் 68-ஆம் அத்தியாயமான அல்கலம், தோட்டத்துக்காரர் சிலரின் வரலாற்றைச் சொல்கிறது. விடிந்ததும் விடியாததுமாகக் கனிகளைப் பறித்துவிட அவர்கள் புறப்பட்டனர். எந்த ஏழையும் அன்று தோட்டத்தினுள் நுழைந்துவிடக் கூடாது என்று தமக்குள் மெல்லப் பேசிக்கொண்டே நடந்தனர். போய்ப் பார்த்தால், இரவோடிரவாகத் தோட்டம் கரிந்து கிடந்தது. வழிதவறி வேறிடத்துக்கு வந்துவிட்டோமோ என்றே முதலில் மயங்கினர். சிந்தித்துப் பாருங்கள். அவர்கள் எவர் பொருளையும் திருடவில்லை. தோட்டம் அவர்களுடையது, விளைச்சலும் அவர்களுடையது. ஏழைக்கு வாயிலை அடைக்க நினைத்ததுதான் அவர்கள் மீதான குற்றச்சாட்டு. அந்த அத்தியாயத்தை ஓதுகின்ற நாம், வாயிலை அடைப்பதற்கென்றே மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறோம் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

மதிலுக்கு அப்பால் இருப்பவர் யார் என்பதையும் பார்ப்போம். துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல், நகரின் நடுவே ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்த மக்களை அகற்றி அரசு அங்கே குடியமர்த்தியது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அங்குண்டு. அதற்குத் தெற்கே செம்மஞ்சேரியிலும், எட்டடுக்குக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கும் பெரும்பாக்கத்திலும் அதே கதை. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பலவும் பெரும்பாக்கத்துக்கே அனுப்பப்பட்டன. பிழைப்பு நகரில், வீடு 20 கிலோமீட்டருக்கு அப்பால். பேருந்துக் கட்டணத்துக்கே கூலியில் ஒரு பங்கு போகிறது. இடம் மாறியதில் பள்ளிப்படிப்பை விட்ட பிள்ளைகள் பலர். அம்மக்களில் நம் கலிமாவைச் சொன்னவர்களும் உண்டு, மற்றவர்களும் உண்டு.

சென்னையிலிருந்து விலகி வாழ விரும்பிய செல்வரும், சென்னையிலிருந்து விலக்கப்பட்ட ஏழையும் ஒரே சாலையில் வந்து சேர்ந்திருக்கின்றனர். முன்னவர் விரும்பி வந்தார். பின்னவர் கொண்டுவந்து இறக்கப்பட்டார். இருவருக்கும் இடையே ஒரு மதில். கண்ணகி நகரிலிருந்து காலையில் வரும் பெண்தான் மதிலுக்குள்ளே பாத்திரம் துலக்குகிறாள்; பெரும்பாக்கத்து ஆண்மகன்தான் வாயிலில் காவல் நிற்கிறான். பிறகு அவர்களை அண்டை வீட்டாரல்லர் என்று எந்தக் கணக்கில் தள்ளுவது?

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) ஓயாது வலியுறுத்தியதைக் கேட்டு, அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று தாம் எண்ணியதாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிரம்ப உண்பவன் ஈமான் உடையவனல்லன் என்றும் எச்சரித்தார்கள். திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம், உறவினரான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யும்படி தனித்தனியே எடுத்துரைக்கிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அண்டை வீட்டாரின் மார்க்கத்தை அவர்கள் கேட்கவில்லை. பங்கு போய்ச் சேர்ந்ததா என்பதையே கேட்டார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நாங்கள் கொடுக்காமலா இருக்கிறோம், கைபேசியிலேயே பணம் அனுப்பிவிடுகிறோமே என்பார்கள். அனுப்புங்கள், அதைக் குறை கூறவில்லை. ஆயினும் குழம்பு வைத்தால் சற்று நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்களே, அந்தக் குழம்பைக் கைபேசியில் அனுப்ப முடியுமா? அதற்கு ஒருவர் எழுந்து நடக்க வேண்டும். ஒரு வாசலில் நிற்க வேண்டும். ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும். அண்டை வீட்டாரின் ஹக் என்பது காசு மட்டுமன்று, முகமும்தான்.

இனி ஜகாத்துக்கு வருவோம். அது செல்வர்களிடமிருந்து பெற்று அவர்களிடையே உள்ள ஏழைகளுக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்பது, முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் இட்ட கட்டளை. ஓரூரில் கடமையான ஜகாத்தை, அதைப் பெறுவதற்குரியோர் அங்கே இருக்கும்வரை, வேற்றூருக்கு எடுத்துச் செல்லலாகாது என்பது நம் கடலோர ஊர்களில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பெயர்பெற்ற நிலைப்பாடு. ஹனஃபீ மத்ஹபோ, ஏழை உறவினருக்காகவும் மிகுந்த தேவையுடையோருக்காகவும் அன்றி அவ்வாறு எடுத்துச் செல்வதை வெறுக்கிறது. பல்லாண்டுகளாக நீலாங்கரையிலோ நாவலூரிலோ வாழ்ந்து அங்கேயே பொருள் சேர்த்தவருக்கு எது ஊர்? பிறந்த ஊரை மறக்கச் சொல்லவில்லை. அங்குள்ள ஏழை உறவினருக்கு உரிமை உண்டு. ஆனால் ரமளான் தோறும் முழுத் தொகையையும் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டு, சில கிலோமீட்டர் தொலைவில் பெரும்பாக்கத்தில் ஒரு முஸ்லிம் விதவை இருக்கிறாளா என்று கூடக் கேளாதிருப்பது எந்த மத்ஹபில் உள்ளது? தம் ஆலிம்களிடம் அவர்கள் இதைக் கேட்டுத் தெளியட்டும்.

அடுத்து, தண்ணீர். மாநகராட்சியோடு இணைந்த பின்னரும் இச்சாலையின் பல குடியிருப்புகளுக்கு நெடுங்காலம் குழாய்நீர் எட்டவில்லை. ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீருமே கதி. ஒரு லாரி 12,000 லிட்டர், பெரியதானால் 24,000 லிட்டர். அந்நீரில் பெரும்பகுதி சுற்றுவட்டாரக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து வருவது. நிலத்தடி நீரை இறைப்பதையும் ஏற்றிச் செல்வதையும் ஒழுங்குபடுத்த 1987-லேயே சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் இருக்க, லாரி சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்படி இச்சாலைக் கம்பெனிகள் சில ஊழியர்களுக்குச் சொல்லின. கண்ணகி நகரில் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தனர். மதிலுக்குள்ளே விலை கூடியதே தவிர, லாரி வந்துகொண்டுதான் இருந்தது.

நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்று அறிவித்த மார்க்கம் நம்முடையது. மதீனாவில் ரூமா கிணற்று நீரை விலை கொடுத்தே பெற வேண்டியிருந்தபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளால் அக்கிணற்றை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். செல்வம் தண்ணீரை நாடிச் சென்ற முறை அது. நாமோ செல்வத்தைக் கொண்டு பொதுக் கிணற்றையே நம் தொட்டிக்குத் திருப்பிக்கொள்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரால் ஒளுச் செய்தார்கள். ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான நீரால் குளித்தார்கள். அளவைக் கணக்கிடுவதில் மத்ஹபுகளிடையே வேற்றுமை உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும், குளியலுக்கு நம் வீட்டுக் குடத்தில் பாதியே போதும். அந்த நபியின் உம்மத்தினர், புல்தரைக்குப் பாய்ச்சவும் காரைக் கழுவவும் நன்னீரைக் கொட்டிவிட்டு, அதே தொட்டியில் ஒளுவும் செய்கின்றனர்.

தண்ணீர் இல்லாதபோது ஒரு சோதனை, மிகுந்தபோது இன்னொன்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. தென்சென்னையின் மழைநீரை வாங்கி வைத்துக் கடலுக்கு விடும் வடிகால் அது. குப்பை மேடும் சாலைகளும் நிறுவனங்களும் குடியிருப்புகளும் அதை விழுங்கின. எஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நீரின் வீட்டில் நாம் குடியேறினோம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023 டிசம்பரிலும் நீர் தன் வீட்டைத் தேடி வந்தது. மதில் அதைத் தடுக்கவில்லை. 2015-இல் வெள்ளம் சூழ்ந்தபோது படகும் கயிறும் சோற்றுப் பொட்டலமுமாக இறங்கியவர்களில் நம் மஹல்லாக்களின் இளைஞர்கள் முன்னணியில் நின்றதை நாடறியும். பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து எல்லாச் சமயத்தாரையும் தங்கவைத்தன. அவ்விளைஞர்கள் எங்கே உருவானார்கள்? எந்த மஹல்லாவை விட்டு நாம் நகர்ந்தோமோ, அதன் நெருக்கடியான சந்துகளிலேதான்.

அந்த மஹல்லாவின் இன்றைய நிலை என்ன? படித்தவரும் பொருளுடையவரும் ஒவ்வொருவராக வெளியேற, சந்தா செலுத்துவோர் குறைகின்றனர். மக்தபில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கு ஊதியம் உயரவில்லை. தேர்வுக்குப் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு, அடுத்த வீட்டில் ஒரு பொறியாளரோ மருத்துவரோ வசித்தால் கிடைக்கும் ஊக்கம் இல்லாமற்போகிறது. ஏழ்மையை விடவும் கொடியது, முன்மாதிரி இல்லாத ஏழ்மை. ஆனால் வெளியேறியவருக்கு மஹல்லா தேவைப்படும் நாள்கள் உண்டு. மகளின் நிக்காஹைப் பதிய ஜமாஅத்தின் தப்தர் வேண்டும். ஜனாஸாவைத் தூக்கினால் அடக்குவதற்கு ஜமாஅத்தின் மையவாடி வேண்டும். வாழ்வதற்குப் புறநகர், அடங்குவதற்கு மஹல்லா என்றால், இடையிலுள்ள ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

இதற்கு மருந்தாகச் சிலர் முஸ்லிம்களுக்கு மட்டுமேயான மதில்சூழ் குடியிருப்புகளை முன்வைக்கின்றனர். அவர்கள் காட்டும் காரணம் பொய்யன்று. வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் முஸ்லிம், பெயரைச் சொன்னதும் வீடு இல்லையாகிவிடும் அவமானத்தை நம் நகரங்களில் பலமுறை சந்தித்திருக்கிறான். அநீதி அது, அதை எதிர்த்துப் பேசியே ஆக வேண்டும். ஆனால் நம் மீது சாத்தப்பட்ட கதவுக்கு விடை, நாம் சாத்தும் இன்னொரு கதவா? அண்டை வீட்டாரே நம்மை அறியாதபடி ஒதுங்கிக்கொண்டு, அவர்கள் நம்மைத் தவறாக அறிகிறார்கள் என்று முறையிடுவது எவ்வாறு பொருந்தும்? மேலும் அந்த மதிலுக்குள்ளும் மனை வாங்க முடிந்தவருக்கே இடம். கண்ணகி நகரின் முஸ்லிமுக்கு அங்கும் வாயில் திறவாது. இதே கடலோரத்தில், ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் துறைமுகமாக விளங்கிய கோவளத்தைப் பாருங்கள். தர்காவும் தேவாலயமும் கோயிலும் மீனவர் குப்பமும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. இக்கரைக்கு நாம் நேற்று வந்தவர்களல்லர். மதில் இன்றியும் இங்கே வாழ்ந்தவர்கள்.

என்ன செய்ய வேண்டும்? வீட்டை விற்றுவிட்டு மண்ணடிக்குத் திரும்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. பனூ சலிமாவைப் போல் இருந்த இடத்தில் இருங்கள், ஆனால் நடங்கள். ஜகாத்திலும் ஃபித்ராவிலும் ஒரு பங்கை, உங்கள் குடியிருப்பிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஏழைகளுக்கென முதலில் ஒதுக்குங்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சினால் ஒரு கிண்ணம் காவலாளிக்கும் போகட்டும். நோன்பு திறக்கும் விரிப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் அவள் பிள்ளைகளும் அமரட்டும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தனி மின்தூக்கி விதியை நீக்கும்படி எழுந்து பேசுங்கள். பேசுபவர் ஒருவரே ஆயினும் பேசுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். உங்கள் குடியிருப்பில் அது பெயரளவில் உள்ளதா, உண்மையில் இயங்குகிறதா என்று பாருங்கள். வாரம் ஒருநாள் பெரும்பாக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க உங்கள் மக்களை அனுப்புங்கள். விட்டுவந்த மஹல்லாவின் சந்தாவை நிறுத்தாதீர்கள். மாதம் ஒரு ஜும்ஆவையேனும் அங்கே தொழுது, பிள்ளைகளுக்குத் தம் பாட்டனாரின் தெருவைக் காட்டுங்கள்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. அற்பப் பொருளையும் பிறருக்குக் கொடாது தடுப்போரைக் கண்டித்து அல்மாஊன் அத்தியாயம் முடிகிறது. தொழுபவர்களைப் பார்த்தே அது அவ்வாறு கூறுகிறது என்பதை நினைவில் வைப்போம். நாளை மறுமையில் அண்டை வீட்டார் நம் சட்டையைப் பிடித்து, இவர் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார் என்று இறைவனிடம் முறையிடும்போது, அது சங்கத்தின் விதி என்று சொல்லித் தப்ப இயலாது. வல்ல அல்லாஹ் நமக்கு விசாலமான வீடுகளைத் தந்தது போல், அவற்றின் வாயில்களைத் திறந்துவைக்கும் மனத்தையும் தந்தருள்வானாக.